எங்கள் குழந்தைக்கு ஏன் வந்தது?

முதல் வகை நீரிழிவு என்று உறுதியான நாளில் பெற்றோர் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இன்சுலினைப் பற்றியதாக இருப்பதில்லை. "ஏன் வந்தது?" என்பதே அது. அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கும்: "நாங்கள் என்ன தவறு செய்தோம்?" பிறந்தநாளுக்கு வெட்டிய கேக், தாத்தா நாள்தோறும் வாங்கிக் கொடுத்த மிட்டாய், கருவுற்றிருந்தபோது தாய் விரும்பி உண்ட மாம்பழம், பிள்ளையை அடித்துவிட்ட ஒரு மாலைப்பொழுது என்று வீட்டில் ஒவ்வொருவரும் தம் நினைவைக் கிளறி ஒரு குற்றத்தைத் தேடி எடுத்து வைத்திருப்பார்கள். கடைசியில் அது தாயின் தலையில்தான் வந்து விழும். "எங்கள் பக்கத்தில் யாருக்கும் சர்க்கரை கிடையாது" என்று உறவினர் ஒருவர் சொல்லும் ஒற்றை வாக்கியம் போதும். அந்தப் பெண் பல ஆண்டுகளுக்கு அதைச் சுமப்பாள்.

இந்தக் கேள்விக்கு அந்த முதல் வாரத்திலேயே முழுமையான பதில் சொல்லப்பட வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஊசி போடும் முறை, குளுக்கோமீட்டரைப் பயன்படுத்தும் முறை, உணவு அளவு, தாழ்சர்க்கரையின் அறிகுறிகள் ஆகியவற்றைக் கற்பித்து அனுப்புவதே பொதுவான மருத்துவமனை வழக்கம். 'ஏன்' என்பது பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கப்படுகிறது. ஆனால் அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் இன்சுலின் அந்த வீட்டில் நிலைக்கிறது. இனிப்பால் வந்தது என்று நம்பும் குடும்பம், இனிப்பை நிறுத்தினால் நோய் போய்விடும் என்று காத்திருக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் வந்தது என்று நம்பும் குடும்பம், சக்தி கூட்டும் பொடியைத் தேடிப் போகும். இரண்டு வழிகளும் சில வேளைகளில் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் முடிவதை நாங்கள் பார்க்கிறோம்.

ஆகவே பதிலைத் தொடக்கத்திலிருந்தே சொல்லிவிடுகிறோம்.

வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால் கிடைமட்டமாகக் கிடக்கும் உறுப்பு கணையம். அதன் பெரும்பகுதி செரிமான நீரைச் சுரக்கிறது. அதற்கு நடுவே, கடலில் தீவுகள் போல, தனித்தனிச் செல் திட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. 1869ஆம் ஆண்டில் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் அவற்றை முதன்முதலில் விவரித்தார். அவை எதற்கு என்று அவருக்குத் தெரியாது. எனினும் இன்றும் அவை அவர் பெயராலேயே லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் எனப்படுகின்றன. வளர்ந்த ஒருவருக்கு ஏறத்தாழ பத்து லட்சம் திட்டுகள் இருக்கும். அவை அத்தனையையும் சேர்த்து எடை போட்டாலும் ஓரிரு கிராமைத் தாண்டாது. அவற்றில் உள்ள பீட்டா செல்கள் மட்டுமே உடலுக்கு வேண்டிய இன்சுலினைச் சுரக்கின்றன. முதல் வகை நீரிழிவில் அழிவது இந்தப் பீட்டா செல்கள்தாம். அவற்றை அழிப்பவை பெரும்பாலும் நம் உடலின் தடுப்பாற்றல் செல்கள்.

தடுப்பாற்றல் செல்களில் டி செல்கள் என்று ஒரு வகை உண்டு. அவை எலும்பு மஜ்ஜையில் பிறந்து, மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பிக்குச் சென்று பயிற்சி பெறுகின்றன. உடலின் பல்வேறு புரதங்களின் துணுக்குகளைத் தைமஸ் அவற்றுக்குக் காட்டுகிறது. இன்சுலினும் அப்படிக் காட்டப்படும் ஒன்று. உடலின் சொந்தப் பொருளைக் கண்டு வலுவாகச் சீறும் டி செல் அங்கேயே நீக்கப்படுகிறது. இந்தத் தேர்வு கடுமையானது. ஆயினும் முற்றிலும் பிழையற்றது அன்று. பீட்டா செல்லைப் பகையாகக் கருதக்கூடிய சில டி செல்கள் தப்பி வெளியே வந்துவிடுகின்றன. இது நீரிழிவு உள்ளவர்களுக்கு மட்டும் நேர்வதில்லை. நலமாக உள்ள பலரின் இரத்தத்திலும் அத்தகைய செல்கள் காணப்படுகின்றன.

அப்படியானால் அவர்கள் எல்லோருக்கும் ஏன் நீரிழிவு வருவதில்லை? தப்பி வந்தவற்றை அடக்கி வைக்க இன்னொரு வகை டி செல்கள் இருக்கின்றன. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்பது அவற்றின் பெயர். 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இந்தச் செல்களைப் பற்றிய ஆய்வுகளுக்குத்தான் கிடைத்தது. ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, அமெரிக்காவின் மேரி பிரன்கோவ், பிரெட் ராம்ஸ்டெல் ஆகிய மூவரும் அதைப் பகிர்ந்துகொண்டனர். இந்தச் செல்களை இயக்கும் மரபணு பழுதாகிப் பிறக்கும் ஆண் குழந்தைகள் மிகச் சிலர் உண்டு. அவர்களில் பலருக்குப் பிறந்த சில வாரங்களிலோ மாதங்களிலோ தடுப்பாற்றல் செல்களின் தாக்குதலால் நீரிழிவு வந்துவிடுகிறது. கட்டுப்படுத்தும் கை இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை அந்தப் பச்சிளங் குழந்தைகளின் நோய் காட்டுகிறது. நம் பிள்ளைகளுக்கு அந்தக் கை இல்லாமல் போவதில்லை, பிடி தளர்கிறது.

பிடி தளர்ந்தபின் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். இறந்த அல்லது நலிந்த பீட்டா செல்லின் துணுக்குகளைச் சில செல்கள் பொறுக்கிக்கொண்டு அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் போகின்றன. அங்கே காத்திருக்கும் டி செல்களுக்கு அவற்றைக் காட்டுகின்றன. உதவி டி செல்கள் கிளர்ந்தெழுகின்றன. அவற்றின் தூண்டுதலால் பி செல்கள் எதிர்ப்பொருள்களை உருவாக்குகின்றன. கொல்லும் டி செல்கள் இரத்தத்தின் வழியே கணையத்தை அடைந்து, திட்டுகளுக்குள் நுழைந்து, பீட்டா செல்லை ஒட்டி நின்று அதன் சவ்வைத் துளைத்து அழிக்கின்றன. ஒரே திட்டில் பக்கத்திலேயே இருக்கும் ஆல்பா செல்களை அவை விட்டுவிடுகின்றன. இலக்கு அவ்வளவு குறிப்பானது.

இது ஊகமா, நிரூபணம் உண்டா என்று சில பெற்றோர் கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். 1965ஆம் ஆண்டில் பெல்ஜிய மருத்துவர் வில்லி கெப்ட்ஸ், நோய் தொடங்கிய சிறிது காலத்திலேயே இறந்துபோன 22 இளம் நோயாளிகளின் கணையங்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். அவர்களில் 15 பேரின் திட்டுகளில் வெள்ளணுக்கள் குவிந்து கிடந்தன. 1974ஆம் ஆண்டில் இலண்டனில் ஜான் பிராங்கோ பொட்டாட்ஸோவும் அவருடன் பணியாற்றியவர்களும் திட்டுகளுக்கு எதிரான எதிர்ப்பொருள்களை நோயாளிகளின் இரத்தத்தில் கண்டனர்.

எல்லாவற்றிலும் தெளிவான சான்று அறுவைச் சிகிச்சை அரங்கிலிருந்து வந்தது. 1980களில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் சதர்லேண்டு என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், ஒரே உருவ இரட்டையரிடையே கணையத்தின் ஒரு பகுதியை மாற்றிப் பொருத்தினார். இரட்டையரில் ஒருவருக்குப் பல ஆண்டுகளாக முதல் வகை நீரிழிவு, மற்றவர் நலமானவர். இருவர் உடலும் மரபணு அளவில் ஒன்றே என்பதால் புதிய உறுப்பை உடல் அயலானது என்று தள்ளாது. எனவே தடுப்பாற்றலை அடக்கும் மருந்து தேவைப்படாது என்பது எதிர்பார்ப்பு. உறுப்பு தள்ளப்படவில்லை. சர்க்கரை இயல்புக்கு வந்தது. ஆனால் சில வாரங்களில் அது மீண்டும் ஏறத் தொடங்கியது. பொருத்தப்பட்ட கணையத்திலிருந்து ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தபோது, திட்டுகளுக்குள் டி செல்கள் நிறைந்திருந்தன. பீட்டா செல்கள் மட்டும் அழிந்திருந்தன. பல ஆண்டுகளுக்கு முன் தன் வேலையை முடித்துவிட்டதாகத் தோன்றிய படை, இலக்கை மீண்டும் கண்டதும் விழித்துக்கொண்டது.

இந்த ஒரு நிகழ்வை எங்கள் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறோம். "கணையத்தைப் புதுப்பித்து இன்சுலினை நிறுத்த வைக்கிறோம்" என்று கைபேசியில் வரும் ஒவ்வொரு விளம்பரத்திற்கும் இதுவே மறுமொழி. நலமான உடன்பிறந்தவரின் கணையமே அந்த உடலில் சில வாரங்கள்தான் தாங்கியது என்றால், ஒரு பொடியோ கஷாயமோ முளைக்கச் செய்வதாகச் சொல்லும் பீட்டா செல்கள் எத்தனை நாள் தாங்கும்? புதிய செல் வேண்டும்; பழைய தாக்குதலின் நினைவும் அடங்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் பேசுகிறவர் பாதிக் கதையைத்தான் விற்கிறார். ஆய்வகத்தில் ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த திட்டுகளைச் செலுத்தும் நேர்மையான ஆய்வுகள் வெளிநாடுகளில் நம்பிக்கை தரும் விதத்தில் நடந்து வருகின்றன என்பது உண்மை. அவற்றில் பங்கேற்றவர்களும் தடுப்பாற்றலை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அந்த மருந்துகளைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் ஸ்டெம் செல் சிகிச்சைக்குப் பணம் கேட்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

இன்னும் இரண்டு சான்றுகள் உண்டு. முதல் வகை நீரிழிவு உள்ள ஒருவர் தம் உடன்பிறந்தவருக்கு எலும்பு மஜ்ஜை கொடுத்தார். பெற்றுக்கொண்டவருக்குச் சில ஆண்டுகளில் அதே நீரிழிவு வந்தது என்று 1993ஆம் ஆண்டில் பதிவாகியுள்ளது. மஜ்ஜையோடு சேர்ந்து தடுப்பாற்றல் செல்களும் அவற்றின் போக்கும் இடம் மாறியிருந்தன. மற்றொன்று 2001ஆம் ஆண்டில் பதிவானது. பி செல்கள் ஏறக்குறைய இல்லாமலே பிறந்த ஒரு சிறுவனுக்கும் முதல் வகை நீரிழிவு வந்தது. எதிர்ப்பொருள்களை உருவாக்க அவனால் இயலாது. எனவே நாம் இரத்தப் பரிசோதனையில் தேடும் எதிர்ப்பொருள்கள் புகையைப் போன்றவை என்று கொள்ளலாம். நெருப்பு டி செல்களிடம் இருக்கிறது.

பீட்டா செல்லும் முற்றிலும் குற்றமற்ற பார்வையாளர் இல்லை என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்து. முன்னர்ச் சொன்ன பொட்டாட்ஸோ 1986ஆம் ஆண்டில் தம் சொற்பொழிவு ஒன்றின் தலைப்பிலேயே பீட்டா செல்லின் மரணம் கொலையா தற்கொலையா என்று கேட்டார். பீட்டா செல் ஓயாமல் இன்சுலின் தயாரிக்கும் ஓர் ஆலை. வைரஸ் தொற்றோ வேறு நெருக்கடியோ வரும்போது அது தன் மேற்பரப்பில் வழக்கத்தைவிட அதிகமான அடையாளங்களைக் காட்டி, வெள்ளணுக்களைத் தன்பால் அழைத்துக்கொள்கிறது. எண்டிரோ வைரஸ்கள், அவற்றுள்ளும் காக்ஸாக்கி பி வகை, இதில் நெடுங்காலமாகச் சந்தேகத்துக்குரியவை. ஆனால் எந்த ஒரு கிருமியையும் காரணம் என்று இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. "உன் உடம்பே உன்னைத் தாக்குகிறது" என்று பிள்ளைகளிடம் சொல்வதை நாங்கள் விரும்புவதில்லை. பெரியவர்களுக்கு அது ஓர் உவமை. எட்டு வயதுக் குழந்தைக்கு அது இரவில் தூக்கம் வராமல் செய்யும் செய்தி. ஆளைத் தவறாக அடையாளம் கண்டுவிட்ட காவலாளி என்று சொன்னால் பிள்ளைகள் எளிதில் புரிந்துகொள்கிறார்கள். அந்தக் காவலாளி மற்ற எல்லா இடங்களிலும் ஒழுங்காகவே வேலை செய்கிறான் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். அது உண்மையும்கூட.

அந்த உண்மைதான் அடுத்த தவறான எண்ணத்தையும் தகர்க்கிறது. கொரோனாக் காலத்திற்குப் பிறகு 'எதிர்ப்புச் சக்தி' என்ற சொல் ஒவ்வொரு வீட்டின் சமையலறைக்குள்ளும் புகுந்துவிட்டது. அது குறைவாக இருந்தால் நோய், கூடினால் நலம் என்ற எளிய கணக்கு ஒன்று உருவாகிவிட்டது. முதல் வகை நீரிழிவு அந்தக் கணக்குக்குள் அடங்காது. இங்கே சக்தி குறையவில்லை. அதன் ஒரு பகுதி திசை மாறியிருக்கிறது. எனவே சக்தியைக் கூட்டுவதாகச் சொல்லும் எந்தப் பானமும் இந்நோயை மாற்றாது. பிள்ளைக்குச் சக்தி குறைவு என்று அஞ்சிப் பள்ளியிலிருந்து நிறுத்துவதும் தேவையற்றது. தடுப்பூசியால்தான் இந்நோய் தூண்டப்பட்டது என்று கருதி அடுத்த தவணையைத் தவிர்ப்பது அதைவிடத் தவறு. பல நாடுகளில் பல ஆண்டுகள் தேடியும் குழந்தைப் பருவத் தடுப்பூசிகளுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. மாறாக, காய்ச்சல் வரும்போது சர்க்கரை தாறுமாறாக ஏறும் என்பதால், இப்பிள்ளைகளுக்குத் தடுப்பூசிகள் கூடுதல் அவசியம்.

சக்தியைத் தூண்டிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் புற்றுநோய்ப் பிரிவே சான்று தருகிறது. டி செல்களின் தடையை விலக்கிப் புற்றுநோயோடு போராடச் செய்யும் மருந்துகள் இன்று பல உயிர்களைக் காக்கின்றன. அவற்றைப் பெறுபவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு, தடை விலகிய டி செல்கள் பீட்டா செல்களையும் தாக்கி, சில வாரங்களிலோ மாதங்களிலோ இன்சுலின் தேவைப்படும் நீரிழிவு வந்துவிடுகிறது. அத்தகைய சிகிச்சையில் உள்ளவரைப் பார்த்துக்கொள்பவர்கள், திடீர்த் தாகமும் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும் தெரிந்தால் அடுத்த தவணை வரை காத்திருக்க வேண்டாம்.

பெற்றோரின் குற்ற உணர்வுக்கு மீண்டும் வருவோம். அதைக் கரைப்பதற்கு எங்களிடம் உள்ள வலுவான வாதம் காலக்கணக்கு. அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் ஐசன்பார்த் 1986ஆம் ஆண்டில், இந்நோய் ஒரு நாளில் வெடிப்பதன்று, ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி நடப்பது என்று விளக்கினார். பின்னாளில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. பின்லாந்து, ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2013ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எதிர்ப்பொருள்கள் தோன்றிய குழந்தைகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் பத்து ஆண்டுகளுக்குள் நீரிழிவை அடைந்தனர். பலருக்கு அந்த எதிர்ப்பொருள்கள் மூன்று வயதுக்கு முன்பே தோன்றியிருந்தன. அதாவது, ஒன்பது வயதில் நோய் வெளிப்பட்ட குழந்தைக்கு அதன் முதல் தடயம் நடை பழகிய காலத்திலேயே இரத்தத்தில் இருந்திருக்கக்கூடும். சென்ற மாதக் கேக்கோ, பரீட்சை பயமோ, நாய் துரத்திய அதிர்ச்சியோ அதற்குக் காரணமாக முடியாது. அவை எல்லாம் கடைசி அத்தியாயத்தில் வந்து நின்றவை.

மரபைப் பற்றியும் அதே தெளிவு வேண்டும். எச்.எல்.ஏ. எனப்படும் மரபணுத் தொகுதியின் சில வகைகள் இந்நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. பீட்டா செல்லின் துணுக்குகளை டி செல்களுக்குக் காட்டும் தட்டுகள் போன்றவை அவை. சிலரது தட்டில் அத்துணுக்கு நன்றாகப் பொருந்தி அமர்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் இத்தொகுதியின் ஒரு பாதி தந்தையிடமிருந்தும் மறு பாதி தாயிடமிருந்தும் வருகிறது. அந்த வகைகளைக் கொண்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதே இல்லை. ஒரே உருவ இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட மற்றவருக்கு வந்தே தீரும் என்று சொல்ல முடியாது. புதிதாக இந்நோய் காணும் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேரின் குடும்பத்தில் வேறு எவருக்கும் முதல் வகை நீரிழிவு இருப்பதில்லை. 'எங்கள் பக்கத்தில் இல்லை' என்ற பேச்சுக்கு மருத்துவத்தில் ஒரு பொருளும் கிடையாது. அதைச் சொல்பவர் யாராக இருந்தாலும் அடுத்த முறை அவரையும் உடன் அழைத்து வாருங்கள்; நாங்களே விளக்குகிறோம்.

ஓர் எச்சரிக்கை: இளம் வயதில் வரும் நீரிழிவு எல்லாமே தடுப்பாற்றல் செல்களால் வருவதன்று. கணையத்தில் கற்கள் சேர்ந்து வரும் நீரிழிவு தென்னிந்தியாவில், குறிப்பாகக் கேரளத்தில், நெடுங்காலமாக அறியப்பட்டது. பிறந்து ஆறு மாதங்களுக்குள் வருவது பெரும்பாலும் ஒற்றை மரபணுப் பழுதால் நேர்வது. அவர்களில் சிலருக்கு ஊசியை விட்டு மாத்திரைக்கே மாறிவிட முடியும். எந்த வகை என்பதில் ஐயம் எழும்போது எதிர்ப்பொருள் பரிசோதனையை நாங்கள் பரிந்துரைப்பது இதனால்தான். வீண் செலவு என்று எண்ண வேண்டாம்.

இனி, எங்களுக்கு மிகுந்த கவலை தரும் காலகட்டம் ஒன்றைச் சொல்கிறோம். இன்சுலின் தொடங்கிச் சில வாரங்களில் பல பிள்ளைகளுக்கு அதன் தேவை மளமளவெனக் குறையும். எஞ்சியுள்ள பீட்டா செல்கள், உயர் சர்க்கரையின் சுமை இறங்கியதும், சற்று மூச்சு வாங்கிக்கொண்டு வேலை செய்யத் தொடங்குவதே காரணம். இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள். அழகான பெயர், ஆபத்தான காலம். சில மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் நீடிக்கும். டி செல்கள் அப்போதும் ஓய்ந்திருப்பதில்லை. வீட்டார் யாரோ சொல்லி ஒரு சூரணத்தைத் தொடங்குவதும் பெரும்பாலும் இதே மாதங்களில்தான். சர்க்கரை குறைந்த பெருமை சூரணத்துக்குப் போய்ச் சேர்கிறது, ஊசி நிறுத்தப்படுகிறது. பிறகு ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்ததும், இரத்தத்தில் அமிலம் ஏறி, மூச்சு வாங்கியபடி பிள்ளை அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுகிறது. 1922ஆம் ஆண்டு ஜனவரியில் டொரான்டோவில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்படும் முன், இந்நோய் வந்த குழந்தைகளுக்கு முடிவு ஒன்றே ஒன்றுதான். இன்சுலினை நிறுத்துவது என்பது அந்தக் காலத்துக்குத் திரும்பிப் போவது. அளவைக் குறைக்கலாம், அது எங்களோடு பேசிச் செய்ய வேண்டியது. முற்றிலும் நிறுத்த நாங்கள் ஒருபோதும் சொல்ல மாட்டோம்.

தடுப்பாற்றல் செல்களையே அடக்கிவிட்டால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். 1980களில் பிரான்சிலும் கனடாவிலும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து கொடுத்தவரை சிலருக்குப் பலன் இருந்தது. நிறுத்தியதும் நோய் திரும்பியது. சிறுநீரகத்துக்கு ஊறும் நேர்ந்தது. ஆனால் டி செல்கள்தாம் மையம் என்பதை அந்த முயற்சி ஐயமின்றிக் காட்டியது. அதன் வழித்தோன்றல் என்று டெப்லிசுமாப் மருந்தைச் சொல்லலாம். டி செல்லின் மேல் உள்ள ஒரு மூலக்கூற்றைப் பற்றி அதன் வேகத்தைத் தணிக்கும் இம்மருந்தை, நோய் இன்னும் வெளிப்படாத ஆனால் எதிர்ப்பொருள்களும் சர்க்கரையில் சிறு மாற்றமும் கொண்ட 76 உறவினர்களில் ஒரு பிரிவினருக்கு 14 நாள்கள் செலுத்தினார்கள். 2019ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, நோய் வெளிப்படும் காலம் இடைநிலைக் கணக்கில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போனது. 2022 நவம்பரில் அமெரிக்கா இதற்கு அனுமதி வழங்கியது.

இரண்டு ஆண்டுகள்தானா என்று சிலர் உதட்டைப் பிதுக்குவதைக் கேட்டிருக்கிறோம். எங்களுக்கு அது சிறியதாகத் தோன்றவில்லை. ஆறு வயதுக் குழந்தைக்கு மயக்கம் வருவதைச் சொல்லத் தெரியாது. எட்டு வயதுக் குழந்தை சொல்லும். பத்து வயதில் ஊசி போடப் பிறர் வேண்டும். பன்னிரண்டு வயதில் தானே போட்டுக்கொள்ளும். தாய் இரவு இரண்டு மணிக்கு எழுந்து விரல் நுனியில் குத்திப் பார்க்காமல் உறங்கும் எழுநூறு இரவுகள் அவை. ஆனால் அமெரிக்காவில் ஒரு முழுச் சிகிச்சைக்கு அறிவிக்கப்பட்ட விலை ஏறத்தாழ 1,94,000 டாலர். எங்கள் புறநோயாளிப் பிரிவின் வரிசையில் நிற்கும் எந்தக் குடும்பத்துக்கும் அது எட்டும் தொகை அன்று. ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்ட பிள்ளைகளுக்காக அனுமதிக்கப்பட்டதும் அன்று. மருந்தின் பெயரைக் கேட்டுக் கடன் வாங்க எண்ணும் பெற்றோர் முதலில் எங்களிடம் வாருங்கள்.

இதிலிருந்து எழுவதுதான் கடைசிக் கேள்வி: நோய் வந்த பிள்ளையின் தம்பிக்கும் தங்கைக்கும் எதிர்ப்பொருள் பரிசோதனை செய்வதா, வேண்டாமா? மேலைநாட்டு ஆய்வுகளில் உடன்பிறந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பேருக்கு இந்நோய் வருகிறது. மற்ற தொண்ணூற்றைந்து பேருக்கும் வருவதில்லை. இத்தாலி 2023ஆம் ஆண்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் இப்பரிசோதனையைச் செய்யச் சட்டமே இயற்றியது. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் இவ்வாறு முன்கூட்டியே கண்டறியப்பட்ட குழந்தைகளில், நோய் வெளிப்படும்போது இரத்தத்தில் அமிலம் ஏறி வந்தவர்கள் மிகக் குறைவு.

எங்களுக்குள்ளும் இதில் இரு கருத்துகள் உண்டு. தடுக்க மருந்து கைக்கெட்டாதபோது, ஐந்து வயதுக் குழந்தை ஒன்றின் மேல் வருங்கால நோயின் நிழலை ஏன் விழச் செய்ய வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்த நிழல் உண்மையானது. பரிசோதனை முடிவு வந்தபின் ஒவ்வொரு தாகத்தையும் எண்ணும் தாய்மாரை நாங்கள் அறிவோம். எனினும் பெரும்பாலோரின் கருத்து இதுதான்: விரும்பும் குடும்பத்துக்கு, முன்பின் விளைவுகளைப் பேசி முடித்தபின், பரிசோதனை செய்யலாம். முதல் பிள்ளையை நினைவிழந்த நிலையில் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பெற்றோருக்கு, இரண்டாவது பிள்ளை அப்படி வராது என்ற உறுதி சிறிய பொருளன்று. ஒரே ஓர் எதிர்ப்பொருள் மட்டும் தென்பட்டால் அஞ்ச வேண்டாம். மறுபடியும் பார்த்து உறுதிசெய்ய வேண்டும், பலருக்கு அது அத்துடன் நின்றுவிடும். வேண்டாம் என்று முடிவு செய்யும் குடும்பத்தை நாங்கள் வற்புறுத்துவதும் இல்லை, குறை சொல்வதும் இல்லை.

வேண்டாம் என்றவர்களுக்கும் ஒரு வழி கையிலேயே இருக்கிறது. மூத்த பிள்ளையின் குளுக்கோமீட்டர் வீட்டில்தானே உள்ளது. இளைய பிள்ளை அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தாலோ, நின்றுபோயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் வழக்கம் திரும்பினாலோ, சாப்பிட்டும் மெலிந்தாலோ, அன்றே புதிய ஊசிமுனையால் ஒரு துளி எடுத்துப் பாருங்கள். 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ காட்டினால், மறுநாள் காலை வரை காத்திராமல் அன்றே வாருங்கள். வாந்தியோ, வயிற்றுவலியோ, வேகமான மூச்சோ உடன் இருந்தால் புறநோயாளிப் பிரிவில் சீட்டு வாங்க நிற்க வேண்டாம். நேராக அவசரப் பிரிவுக்குச் சென்று, மூத்த பிள்ளைக்கு முதல் வகை நீரிழிவு இருப்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.